மாமனார் ஓட்டினால் மட்டும்

வண்டிக்கு வாய் இருந்திருந்தால் அன்றைக்கு வயரிங்காரனைக் கிழி கிழி என்று கிழித்திருக்கும். காலையில் பட்டறைக்குள் வந்த வேனை மதியத்துக்குள் குடலை உருவிப் போட்டுவிட்டான் மனுஷன். மீட்டர் போர்டு கழன்று பின் சீட்டில் மல்லாந்து கிடந்தது. ஒயர் கட்டுகள் ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் உயரத்தில் தொங்கின. இத்தனையும் பண்ணி என்னதான் கண்டுபிடித்தான் என்று கேட்டால், ஒரு மண்ணும் இல்லை.

வேறு யாருடைய வண்டியாவது என்றால், "எனக்குப் பிடிபடலைங்க, வேற எங்கயாவது காட்டுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போயிருப்பான். அதில் அவனுக்கு வெட்கமே கிடையாது. ஆனால் இதை ஓட்டிவந்தவர் அவனுடைய மாமனார். பெண்ணைக் கொடுத்தவர். பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே காத்திருக்கிற சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவர் சொன்ன புகார் இரண்டு. ஒன்று, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்கிறது. "நான் பாட்டுக்கு ஒரே மாதிரிதான் மிதிக்கிறேன் மாப்பிள்ளை. முள்ளு மட்டும் தானா ஏறுது. பேய் பிடிச்ச மாதிரி ஏறுது." இரண்டாவது, க்ரூஸ் கண்ட்ரோல். நேர்ச்சாலையில் ஒரு வேகத்தைப் பிடித்து, ஸ்டியரிங்கில் இருக்கும் பட்டனை அழுத்திவிட்டால் போதும், காலை எடுத்துவிடலாம். வண்டி அதே வேகத்தில் தானாகப் போகும். பிரேக்கைத் தொட்டால்தான் விட்டுவிடும். இவர் வண்டியில் தொடாமலேயே விட்டுவிடுகிறதாம். பாதி வழியில் சொல்லாமல் கொள்ளாமல் வேகம் குறைந்து, பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து, கை நீட்டித் திட்டிவிட்டுப் போகிறானாம்.

வேன் அவருடையது இல்லை. ஒரு அம்மாள் பத்துப் பன்னிரண்டு வேன் வைத்து நடத்துகிறார். கிட்னிக்கு இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிற நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கி, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிற வேலை. அந்த நோயாளிகளில் இரண்டு பேர் முதலாளியம்மாளிடம் சொல்லிவிட்டார்கள்: டிரைவர் திடீரென்று இழுக்கிறார், திடீரென்று விடுகிறார், பயமாக இருக்கிறது என்று. முதலாளியம்மாள் கத்தவில்லை. கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், இந்த மாதிரி அமைதியாகப் பேசுகிறவர்களிடம்தான் பயம். "மீட்டர்ல கோளாறுன்னு சொல்றீங்க. சரி, உங்க மாப்பிள்ளைகிட்டயே காட்டுங்க. கோளாறு இருந்தா சரி பண்ணிக்கலாம். வண்டியில கோளாறு இல்லைன்னா, அப்புறம் நீங்க ஓட்ட வேண்டாம். சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு பதில் சொல்லுங்க."

ஆக விஷயம் இவ்வளவுதான். வண்டியில் குறை இருந்தால் மாமனாருக்கு வேலை உண்டு. வண்டி நன்றாக இருந்தால் வேலை போச்சு. ஒரு வண்டியில் எப்படியாவது கோளாறு இருந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு வேலை பார்த்த வயரிங்காரன் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பெண்டாட்டி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள்: "ஸ்டியரிங்கைப் பிடுங்கிட்டா அப்பா ஒடிஞ்சு உட்கார்ந்துடுவாருங்க. எப்படியாவது பாருங்க." இவனும் பெரிய ஆள் மாதிரி, "என்கிட்ட விட்டுட்டல்ல, கவலையை விடு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். சொல்லியிருக்கவே வேண்டாம்.

முதலில் அவனே தனியாக ஓட்டிப் பார்த்தான். போனில் செயற்கைக்கோள் காட்டுகிற வேகமும் மீட்டர் முள் காட்டுகிற வேகமும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டே போயின. க்ரூஸை வைத்தான். வண்டி பிடித்த பிடியை விடவே இல்லை, போய்க்கொண்டே இருந்தது. நல்ல பிள்ளை. வயரிங்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரே ஒரு தடவை விட்டுத் தொலையேன்" என்று வண்டியிடம் கெஞ்சியே பார்த்தான்.

திரும்பி வந்து மாமனாரை ஓட்டச் சொல்லி, பக்கத்து சீட்டில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஸ்கேனர் என்பது வண்டியின் மூளையோடு ஒயரில் இணைத்துப் பேசுகிற சின்னப் பெட்டி. எந்த சென்சார் என்ன சொல்கிறது என்று திரையில் வரிவரியாகக் காட்டும். மாமனார் ஊர் எல்லையைத் தாண்டினார், வேகம் பிடித்தார், பட்டனை அழுத்தினார். கொஞ்ச தூரம் போவதற்குள் க்ரூஸ் விட்டுவிட்டது.

"பார்த்தீங்களா?" என்றார் மாமனார். முகத்தில் ஒரு வெற்றி.

வயரிங்காரனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். திரையைப் பார்த்தான். பிரேக் அழுத்தப்பட்டது என்று காட்டியது. "கால் வெச்சீங்களா மாமா?"

"ஐயையோ, இல்லவே இல்ல."

அப்படியென்றால் பிரேக் சுவிட்ச்! பெடலுக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். பெடல் அசைந்தால் அதுதான் மூளைக்குச் சொல்லும். பெடல் அசையாமலே அது சொன்னால் அது கெட்டுப்போன சுவிட்ச். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை பாடு! பட்டறைக்கு வந்து, புது சுவிட்ச் வரவழைத்துப் போட்டு, அவனே ஓட்டிப் பார்த்தான். அருமை. மாமனாரை ஓட்டச் சொன்னான். மறுபடியும் விட்டுவிட்டது. திரையில் மறுபடியும் அதே வரி, பிரேக் அழுத்தப்பட்டது.

அதோடு போகவில்லை. வருகிற வழியில் முள் ஏற ஆரம்பித்தது. போனைப் பார்த்தான், போனிலும் வேகம் ஏறியது. முள் பொய் சொல்லவில்லை, வண்டி நிஜமாகவே வேகம் எடுக்கிறது. திரையில் ஆக்சிலேட்டர் பெடல் பாதிக்கு மேல் மிதிபட்டிருப்பதாகக் காட்டியது.

"மாமா, மிதிக்கிறீங்களா?"

"நான் எங்க மிதிக்கிறேன், சும்மாதான வெச்சிருக்கேன்! நான் சொன்னேன்ல, தானா ஏறுதுன்னு!"

சொல்லிக்கொண்டே அவர் காலை எடுத்தார், முள் இறங்கியது. இப்போது வயரிங்காரன் நிஜமாகவே குழம்பிப்போனான். பிரேக் சுவிட்ச் பொய், ஆக்சிலேட்டர் சென்சார் பொய், இரண்டும் ஒரே நாளில், அதுவும் ஒரு ஆள் ஓட்டும்போது மட்டும் பொய். எந்த ஊரில் நடக்கும் இது?

பட்டறையில் அவனோடு வேலை பார்க்கிற டிங்கர், நசுங்கின தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவன், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தான். அவனுக்கும் இந்த வேலைக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆனால் கருத்துச் சொல்லாமல் இருக்க முடியாத பிறவி.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வண்டிக்கு உன் மாமனாரைப் பிடிக்கல."

"வாயை மூடிட்டுப் போய்யா."

"சரி, கேலியை விடு. நீ ஒல்லி. அவர் கனமான ஆள். அவர் உட்கார்ந்தா சீட்டு அமுங்கி அடியில போற ஒயரு நசுங்குதோ என்னவோ?"

கேட்டதும் வயரிங்காரனுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இது சாத்தியம். நூற்றுக்கு நூறு சாத்தியம். இரண்டு பேருமாகச் சேர்ந்து டிரைவர் சீட்டைக் கழற்றித் தூக்கி வெளியே வைத்தார்கள். அடியில் ஒரு பேனா மூடி, ஒரு சில்லறைக் காசு, யாரோ சாப்பிட்டுப் போட்ட மிட்டாய்த் தாள், சுண்டுவிரல் கனத்துக்குத் தூசி. ஒயர் பக்கத்தில்கூட வரவில்லை, அது அந்தப் பக்கமாகப் போகிறது. விட மனசில்லாமல் சீட்டைத் திரும்ப மாட்டி, மணல் மூட்டை ஒன்றைத் தூக்கி அதில் வைத்து, டிங்கர் மூட்டைக்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டு, "மாமா, பார்த்துப் போங்க" என்றான். வயரிங்காரன் தரையில் படுத்து ஒயரை அசைத்து அசைத்துப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. மாமனார் நாற்காலியில் இருந்தபடி அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கால்மிதி விரிப்பு சுருண்டு பெடலில் மாட்டுகிறதா என்று பார்த்தான். அதையும் எடுத்து வெளியே எறிந்தான். ஸ்டியரிங்குக்குள் சுருண்டு கிடக்கும் பட்டை ஒயரைப் பார்த்தான். எர்த் ஒயரின் முனையைச் சுரண்டி முறுக்கினான். சக்கரத்தில் இருக்கும் சென்சாரைத் துடைத்தான். எல்லாம் முழுசாக இருந்தது. வண்டி புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது, என்ன செய்ய!

வயரிங் பார்க்கிற ஆட்களுக்கு ஒரு புத்தி உண்டு. திரையில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பார்கள், ஒயரில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்ப்பார்கள், பக்கத்தில் ஓட்டுகிற ஆளை மட்டும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். அதிலும் ஓட்டுகிறவர் மாமனார். அவர் காலை உற்றுப் பார்த்தால் நம்பவில்லை என்று ஆகிவிடாதா? வாழ்க்கையில் ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டியவர். பின் சீட்டில் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளாமல் பிரேக் போடுவார் என்று மாமியார் கல்யாணத்துக்கு முன்பே பெருமை பேசியிருக்கிறாள். அப்படிப்பட்டவர் இல்லை என்றால் இல்லைதான்.

கழற்றிப்போட்ட மீட்டர் போர்டையும் ஒயர்களையும் திரும்ப மாட்டிவிட்டு, கடைசியாக ஒரு தடவை அவரை ஓட்டச் சொல்லிப் போனார்கள். மறுபடியும் அதே கதை. க்ரூஸ் விட்டது, வேகம் குறைந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் காது கிழிய ஹாரன் அடித்தான். மாமனார் மறுபடி மிதித்தார், முள் துள்ளி ஏறியது. பயத்தில் வயரிங்காரனுக்கு வாய் தவறிவிட்டது.

"மாமா, நிஜமாவே கால் படலையா?"

மாமனார் நேராகப் பட்டறைக்கு ஓட்டினார். வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி, அதன் பிறகுதான், "நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்க" என்றார்.

"ஐயோ, அப்படி இல்ல மாமா."

"அப்படித்தான். சொல்லுங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க."

வயரிங்காரன் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடாத குறையாக உள்ளே போனான். அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடிக்க வேண்டுமா? முதலாளியம்மாள்.

"என்ன தம்பி, கிடைச்சுதா?"

வாய்க்குள் வார்த்தை தயாராக இருந்தது. பிரேக் சுவிட்ச்தாங்க, மாத்திட்டேன், இனிமே ஒண்ணும் வராது. சுவிட்ச் மாற்றியது உண்மைதானே? பழைய சுவிட்ச் கையில் இருக்கிறதே? ஒரே ஒரு வாக்கியம். மாமனாருக்கு வேலை, பெண்டாட்டிக்கு நிம்மதி, தனக்கு ராத்திரி சோறு. யாருக்குத் தெரியப்போகிறது!

"அம்மா, அது வந்து... ஒரு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடட்டுமா?" என்று வைத்துவிட்டான். ஏன் வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த லாரியின் ஹாரன் இன்னும் காதில் இருந்தது.

திரும்பினால் மாமனார் அவனை நோக்கி வந்துகொண்டிருந்தார். கோபம். கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படி அவன் பார்த்ததில்லை.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கறேன். நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே நான் வண்டி ஓட்டறேன். எது பிரேக்கு, எது ஆக்சிலேட்டருன்னு எனக்குத் தெரியாதா? என் கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

டிங்கர் வேலை பார்க்கிற இடத்தைத் தாண்டி, வெட்டிப்போட்ட தகரத் துண்டுகளுக்கு நடுவே வந்து நின்று, கையை நீட்டிப் பேசினார். டிங்கர் சுத்தியலை நிறுத்தினான். வயரிங்காரன் தலையைக் குனிந்துகொண்டான். மாமனார் திட்டும்போது மாப்பிள்ளை வேறு எங்கே பார்ப்பான்? தரையைத்தான் பார்த்தான்.

அவருடைய இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை.

அவன் நிமிர்ந்து வேனைப் பார்த்தான். திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்தது. வலது காலின் செருப்பு பெடலுக்கு அடியில், கவிழ்ந்து கிடந்தது. செருப்பு கழன்றது தெரியாமல் இறங்கி, வெறுங்காலோடு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். அது மட்டும் இல்லை. அந்த வெறுங்கால் தகரத் துண்டு ஒன்றின் ஓரத்தின் மேல் ஊன்றி நின்றது. புதிதாக வெட்டிய ஓரம், கை பட்டாலே கிழிக்கும். காலுக்குக் கீழே சிமெண்ட் தரையில் சிவப்பாகக் கொஞ்சம் பரவிக்கொண்டிருந்தது.

மாமனார் பேசிக்கொண்டேதான் இருந்தார். "மீட்டர் பொய் சொல்லுது, உங்க பெட்டியும் பொய் சொல்லுது, கடைசியில நான் பொய் சொல்றேனாம்..."

"மாமா, நகருங்க."

"நான் எதுக்கு நகரணும்?"

"மாமா, தயவு செஞ்சு. கீழ பாருங்க."

பார்த்தார். பார்த்துவிட்டு, அது வேறு யாருடைய காலோ என்பது போல நின்றார். டிங்கர்தான் பாய்ந்து வந்து அவரைத் தோளோடு பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். "என்ன பெரியவரே, வலிக்கலையா?" என்று கேட்டான். கேலி இல்லை, நிஜமாகவே பயந்து போயிருந்தான்.

"வலிக்காம என்ன," என்றார் மாமனார். கொஞ்சம் யோசித்து, "லேசாத்தான் பட்டிருக்கும்" என்றார்.

மாமனாருக்கு சுகர் இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாத்திரை போடுகிறார், இனிப்பைக் குறைத்துக்கொண்டார், அத்தோடு கணக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், இவன் உட்பட. வயரிங்காரனுக்கு இப்போது காலையிலிருந்து ஓடிய வரிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன. பிரேக் அழுத்தப்பட்டது. ஆக்சிலேட்டர் மிதிபட்டது. வண்டி ஒரு பொய்யும் சொல்லவில்லை. மாமனாரும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. க்ரூஸை வைத்துவிட்டு அவர் ஓய்வாகத் தொங்கவிட்ட கால் போய் பிரேக்கில் சாய்ந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. சும்மா வைத்திருப்பதாக நினைத்த கால் ஆக்சிலேட்டரை அழுத்தியிருக்கிறது, அதுவும் தெரியவில்லை. அட கடவுளே, இதையா நாள் முழுக்க ஒயரில் தேடினேன் என்று அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தண்ணீர் கொண்டுவந்து காயத்தைக் கழுவி, சுத்தமான துணியை வைத்துக் கட்டினான். பிறகு அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து காலைத் தன் தொடை மேல் எடுத்து வைத்துக்கொண்டான்.

"ஐயோ, என்ன மாப்பிள்ளை இது! நீங்க போய் என் காலைப் பிடிச்சுக்கிட்டு... எந்திரிங்க முதல்ல!"

"இருங்க மாமா. ஒரு டெஸ்ட்டு. கண்ணை மூடிக்கங்க. நான் எந்த விரலைத் தொடறேன்னு சொல்லுங்க."

"இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு?"

"மூடுங்க மாமா."

சலித்துக்கொண்டே மூடினார். "சரி, மூடிட்டேன். தொடுங்க."

வயரிங்காரனின் கட்டைவிரல் அப்போதே அவருடைய கால் பெருவிரலை அழுத்திக்கொண்டிருந்தது. இன்னும் அழுத்தினான். அவனுடைய நகம் வெளுத்துப் போகும்வரை அழுத்தினான்.

"தொடுங்க மாப்பிள்ளை. எவ்வளவு நேரம் கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருக்கறது?"

டிங்கர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். யாரும் பதில் சொல்லாததால் மாமனார் கண்ணைத் திறந்தார். கீழே பார்த்தார். தன் விரலையும் அதை நெரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை" என்றார். குரல் இறங்கியிருந்தது. அவராகவே கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி நெற்றியைச் சுருக்கிக் காத்திருந்தார். வயரிங்காரன் சுண்டுவிரலைப் பிடித்தான். நடுவிரலைப் பிடித்தான். உள்ளங்காலில் நகத்தால் கீறினான்.

"இப்ப பெருவிரலா?" என்று கேட்டார் மாமனார்.

"இல்ல மாமா."

கண்ணைத் திறந்தார். வெகுநேரம் வேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயரிங்காரன் காலை விடவில்லை. விட்டால் அவர் எங்கேயாவது விழுந்துவிடுவார் என்று பயப்படுகிறவன் மாதிரிப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"ஆஸ்பத்திரியில காட்டலாம் மாமா. மருந்து இருக்கும். நாளைக்கே போலாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"போலாம்" என்றார். அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை என்று தெரிந்தது. "திரும்பி வரும்போது எல்லாரும் தூங்கிடுவாங்க மாப்பிள்ளை. அந்த மெஷின்ல படுத்து எந்திரிச்சா அசதி. வண்டி ஏறினதும் தூங்கிடுவாங்க. ஒருத்தர்கூட முழிச்சிருக்க மாட்டாங்க. நான்தான் கண்ணாடியில பார்த்துட்டே வருவேன்."

போன் மறுபடியும் அடித்தது. வயரிங்காரன் எடுக்கவில்லை. என்ன சொல்வது? சுவிட்ச் என்று சொல்லப்போவதில்லை, அது மட்டும் தெரியும். அடித்து அடித்து அது நிற்கப்போகிற நேரத்தில் மாமனார் கையை நீட்டினார்.

"குடுங்க. நான் பேசறேன்."

"மாமா, நீங்க இருங்க, நானே..."

"குடுங்க மாப்பிள்ளை."

வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைக்கூட ஒரு தடவை சரிசெய்துகொண்டார்.

"அம்மா, டிரைவர் பேசறேன். மாப்பிள்ளை நல்லாப் பார்த்துட்டாருங்க. வண்டியில ஒரு குறையும் இல்ல. காலையில முதல் டிரிப்புக்கு வேற ஆளை அனுப்பிடுங்க. மூணாவது சீட்டுல உட்கார்ற அம்மாவுக்குப் படி ஏற முடியாது, கையைப் பிடிச்சு ஏத்திவிடச் சொல்லுங்க."